300 பக்க குட்டி கைடுபுக்க வச்சு சீனா சுத்த முடியுமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா இழை போடறேன். நானும் வீட்டுக்காரம்மாவும் எங்க அப்பாவும் செப்டம்பர் 28 வாக்குல கிளம்பி 16 நாள் சீனா போறதா பிளான். அப்பாவுக்கு 67 வயசு, வரலாறு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு சீனப் பெருஞ்சுவர் பாடம் எடுத்திருக்கார், கண்ணால பாத்ததில்ல. அதுக்காகத்தான் இந்த பயணமே.

பழைய புத்தகக் கடைல ஒரு கைடுபுக் கெடச்சுது. பாக்கெட் சைஸ், 300 பக்கம், 2018 பதிப்பு. அன்னிக்கு கைல எடுத்த அப்பா இன்னும் கீழ வைக்கல. பென்சில்ல டிக் அடிச்சு அடிச்சு இப்ப 41 இடம் ஆகிடுச்சு. பெய்ஜிங், ஷியான், ஷாங்காய், செங்து, குயிலின், ஹார்பின், உரும்ச்சி, லாசா எல்லாமே லிஸ்ட்ல இருக்கு. அடுத்தடுத்த பக்கத்துல வர்றதால ஊரும் அடுத்தடுத்து இருக்கற மாதிரி அவருக்கு தோணுது, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

கேள்வி இதுதான். அவ்ளோ பெரிய நாட்டுக்கு இத்துனூண்டு புக் போதுமா, ஆயிரம் பக்க தடி புக் வாங்கணுமா, இல்ல போன் இருந்தா புக்கே வேணாமா? அப்பா சைவம், முட்டை சாப்பிடுவார். பிளைட் இன்னும் போடல.

கோவை_பையன் எழுதியது:

நண்பா புக் எல்லாம் எதுக்கு. போன்ல மொழிபெயர்ப்பு ஆப் இருக்கு, கேமராவ போர்டு மேல காட்டுனா படிச்சு சொல்லிடும். ரயில், ஹோட்டல், மேப்பு, காசு குடுக்கறது எல்லாமே போன்தான். நான் போன வருஷம் ஒரு பேப்பர் கூட எடுத்துட்டு போகல, பத்து நாள் ஒரு சிக்கலும் இல்ல. 2018 புக்குல இருக்கற விலை, நேரம் எதையும் நம்பாதீங்க. அந்த வருஷத்துக்கும் இப்பவுக்கும் அந்த ஊரே வேற.

தண்டவாளம் எழுதியது:

வைகைக்கரை தம்பி, நான் நாலு தடவை போயிருக்கேன், அதுல ஒரு தடவை தொடர்ந்து ஏழு வாரம் ரயில்லயே சுத்தினேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு செய்ங்க. அப்பாகிட்ட புக்கோட உள்அட்டைல இருக்கற மேப்ப திறக்க சொல்லுங்க. பாக்கெட் புக்னா அந்த மேப்பு ஒரு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சீனா கிழக்கு மேற்கா 5,000 கிலோமீட்டருக்கு மேல, அப்ப ஒரு விரல் அகலம்னா கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர், நம்ம சென்னைல இருந்து நாக்பூர் போற தூரம். அவர் டிக் அடிச்ச 41 இடத்தையும் அந்த மேப்புல புள்ளி வைக்க சொல்லுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், வாத்தியார் அவரே பாதிய அழிச்சிடுவார். நாடு 96 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாடு மாதிரி எழுபது மடங்குக்கு மேல. 16 நாள்ல தமிழ்நாட்டையே முழுசா பாக்க முடியாது.

குட்டி புக்கு போதுமான்னா, போதும். எனக்கு அதுதான் பிடிக்கும். தடி புக்குல மாகாணத்துக்கு முப்பது ஊர் இருக்கும், எத விடறதுன்னு தெரியாம ராத்திரி பூரா பக்கத்த புரட்டிட்டு இருப்பீங்க. குட்டி புக்குல எழுதினவங்களே முக்கால்வாசிய வெட்டி எறிஞ்சிருப்பாங்க. எத விட்டாலும் பரவால்லன்னு ஒருத்தர் முடிவு பண்ணி குடுத்திருக்கார்ல, பெரிய நாட்டுக்கு போறவனுக்கு அத விட பெரிய உதவி கிடையாது. ஆனா அத எதுக்கு பாக்கணும் எதுக்கு பாக்கக்கூடாதுன்னு தெரியணும். விலை, டிக்கெட், பஸ் நம்பர் இதுக்கெல்லாம் பாக்கவே பாக்காதீங்க, கோவை தம்பி சொன்னது அதுல நூத்துக்கு நூறு சரி. உதாரணத்துக்கு பெய்ஜிங் அரண்மனை. பழைய புக்குல காலைல போய் கவுண்டர்ல வாங்கிக்கலாம்னு இருக்கும். இப்ப பாஸ்போர்ட் நம்பர் போட்டு ஏழு நாள் முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கணும், அதுவும் அவங்க நேரம் ராத்திரி எட்டு மணிக்கு திறந்தவுடனே. திங்கக்கிழமை லீவு. லாசாவுக்கு வெளிநாட்டுக்காரங்க தனி பர்மிட் இல்லாம போகவே முடியாது, ஏஜென்சி வழியாதான். அத இப்பவே அழிச்சிடுங்க.

புக்க பாக்க வேண்டியது எதுக்குன்னா, ஊரோட எலும்புக்கூட்ட புரிஞ்சுக்கறதுக்கு. பெய்ஜிங் எடுத்துக்கங்க. பெய்னா வடக்கு, நான்னா தெற்கு, தோங் கிழக்கு, ஷி மேற்கு. மென்னா வாசல், நெய்னா உள்ள, வாய்னா வெளிய. இந்த ஏழு வார்த்தை கடைசி பக்கத்துல ஒரு ஓரமா இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க. இது தெரிஞ்சா தெரு பேரே வழி சொல்லும். சாவ்யாங்மென் நெய்னா அந்த கோட்டை வாசலுக்கு உள்பக்கம், சாவ்யாங்மென் வாய்னா வெளிப்பக்கம். கோட்டை மதில இடிச்சு பல வருஷம் ஆச்சு, ஆனா மெட்ரோ ரெண்டாம் நம்பர் லைன் அந்த பழைய மதில் ஓடின வழியிலயேதான் வட்டமா சுத்துது. அப்பா மாதிரி ஒருத்தருக்கு இத சொல்லிட்டு அந்த ரயில்ல ஏத்தி உக்கார வச்சுட்டீங்கன்னா போதும், பாதிக்கு மேல ஸ்டேஷன் பேர்ல மென் மென்னு வரும்போது அவருக்கே புரியும் இது எல்லாம் வாசல்னு.

இன்னொன்னு, இதே திசை விஷயத்துல நான் ஏமாந்த கதை. ஷியான்ல ரெண்டு பெரிய ஸ்டேஷன் இருக்கு. ஒண்ணு வெறும் ஷியான், பழைய மதில ஒட்டி இருக்கும். இன்னொன்னு ஷியான் பெய், வடக்கு ஸ்டேஷன், நகரத்த விட்டு வடக்கே தள்ளி. அதிவேக ரயில் பெரும்பாலும் அங்கருந்துதான் கிளம்பும். என் கைல இருந்த குட்டி புக்கோட மேப்புல ஸ்டேஷன்னு ஒரே ஒரு கருப்பு புள்ளிதான். நான் நம்பி பழைய ஸ்டேஷனுக்கு போயிட்டேன். கேட்ல இருந்த பொண்ணு என் பாஸ்போர்ட்ட மிஷின்ல வச்சு பாத்துட்டு, டிக்கெட்ல இருந்த அந்த ஒரு எழுத்து மேல விரல வச்சு, அப்புறம் கைய தூக்கி வடக்கு பக்கமா ரெண்டு தடவை வீசி காட்டுச்சு. அப்பதான் உறைச்சுது. ரயிலுக்கு 35 நிமிஷம் இருந்துது, போய் சேரல. அடுத்த வண்டிக்கு மாத்தி குடுத்தாங்க, ஆனா சாயந்திரம் வரைக்கும் காத்திருந்தேன். அதனால டிக்கெட் எடுத்தவுடனே ஊர் பேருக்கு அப்புறம் பெய், நான், தோங், ஷி இருக்கான்னு பாத்து குறிச்சு வச்சுக்கங்க. ஷியான்ல மணிக்கூண்டு பக்கம் தங்கினா மெட்ரோ ரெண்டாம் லைன்ல நேரா வடக்கு ஸ்டேஷன் போயிடலாம், வண்டி மாற வேண்டியதில்ல.

என் கருத்துக்கு பெய்ஜிங் 5 நாள், ஷியான் 4 நாள், செங்து 4 நாள், மீதி கைல இருக்கட்டும். ஷியான்ல இருந்து செங்து 2017ல திறந்த லைன்ல நாலு மணி நேரத்துக்குள்ள, சின்லிங் மலைய குடைஞ்சு போகும், சுரங்கத்துக்கு நடுவுல நடுவுல மட்டும்தான் வெளிச்சம் தெரியும்.

அக்டோபர் 1ல இருந்து ஒரு வாரம் அங்க தேசிய தின லீவு, நாடே ரயில்ல இருக்கும். தேதிய தள்ளி வைங்க தம்பி. இத மட்டுமாவது கேளுங்க.

சிராங்கூன்_சுபா எழுதியது:

தண்டவாளம் அண்ணன் சொன்ன தேதி விஷயம் ரொம்ப முக்கியம். நாங்க ஒரு தடவை அந்த வாரத்துல மாட்டி பெருஞ்சுவர்ல படியே தெரியல, முன்னாடி நிக்கறவங்க முதுகுதான் தெரிஞ்சுது. அப்பாவ பெருஞ்சுவரோட முதியான்யூ பகுதிக்கு கூட்டிட்டு போங்க, கேபிள் கார் இருக்கு, முட்டிக்கு நல்லது.

கோவை தம்பிக்கு ஒண்ணு. போன் நல்லதுதான், நானும் அதாலதான் காசு குடுத்தேன், 2023ல இருந்து வெளிநாட்டு கார்டையே அலிபேங்கற காசு குடுக்கற ஆப்புல சேத்துக்கலாம், தெருவுல சக்கரவள்ளிக்கிழங்கு சுடறவர் கூட கியூஆர் கோடு ஸ்கேன் பண்ண சொல்வார். ஆனா நம்ம வழக்கமா வச்சிருக்கற மேப்பு அங்க கூத்தடிக்கும். அங்க மேப்புக்குன்னு தனி கணக்கு வச்சிருக்காங்க, வெளிநாட்டு மேப்புல நம்ம நிக்கற புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி காட்டும். ஆத்துக்கு நடுவுல நிக்கற மாதிரி காட்டுச்சு எனக்கு. உள்ளூர் ஆப் போட்டுக்கணும், கிளம்பறதுக்கு முன்னாடியே.

புக்கோட பெரிய உபயோகம் எனக்கு என்னன்னா ஊர் பேருக்கு பக்கத்துல சீன எழுத்து அச்சடிச்சிருப்பாங்க பாருங்க, அதுதான். நம்ம வாயால சொல்ற பேர் அங்க யாருக்கும் புரியாது, ஏத்த இறக்கம் மாறினா வார்த்தையே மாறிடும். எழுத்த காட்டினா உடனே தலைய ஆட்டுவாங்க. ஆனா குட்டி புக்குல அந்த எழுத்து கடுகு சைஸ்ல இருக்கும். லோயாங்ல ஒரு வயசான டாக்சிக்காரர் புக்க வாங்கி கண்ணுகிட்ட வச்சு பாத்தார், தள்ளி வச்சு பாத்தார், கடைசில வண்டிய விட்டு இறங்கி தெருவிளக்கு அடில போய் நின்னு படிச்சார், பாவமா போச்சு. அதுக்கப்புறம் நான் போற இடம் ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கி காட்ட ஆரம்பிச்சேன்.

அடையாறு_ஆலமரம் எழுதியது:

சைவம் பத்தி. புக்குல இருக்கற "இறைச்சி வேண்டாம்"ங்கற வரிய நம்பாதீங்க. அத சொன்னா துண்டு கறிய எடுத்துட்டு அதே எண்ணெய், அதே எலும்பு சாறுல செஞ்சு குடுப்பாங்க, அவங்கள பொறுத்தவரைக்கும் அது சரிதான். "வோ ச்சி சூ"ன்னு சொல்லுங்க, நான் சைவ சாப்பாடு சாப்பிடறவன்னு அர்த்தம், புத்த பிக்குங்க சாப்பிடற மாதிரின்னு புரிஞ்சுக்குவாங்க. பெரிய புத்த கோவில் பக்கத்துல சைவ ஓட்டல் அனேகமா இருக்கும், வெங்காயம் பூண்டு கூட இருக்காது. முட்டை ஓகேன்னா தக்காளி முட்டை எந்த ஊர்லயும் கிடைக்கும், சோத்தோட நல்லா இருக்கும். உருளைக்கிழங்க நூல் மாதிரி சீவி வினிகர் மிளகாய் போட்டு வதக்கற ஒண்ணு இருக்கு, அப்பாவுக்கு பிடிக்கும். ரயில்ல ஒவ்வொரு பெட்டிலயும் கொதிக்கற தண்ணி குழாய் இருக்கும், பிளாஸ்க்கும் காபித்தூளும் எடுத்துக்கங்க. குழாய் தண்ணிய அப்படியே குடிக்காதீங்க.

கோவை_பையன் எழுதியது:

சுபாக்கா மேப்பு விஷயம் ஒத்துக்கறேன், எனக்கும் ஒரு நாள் அப்படி ஆச்சு, நான் சிக்னல் கோளாறுன்னு நெனச்சேன். ஆனா ஒரு கேள்வி. புக்குல ஆங்கிலத்துல இருக்கற பேர எப்படி படிக்கறது? க்யூல ஆரம்பிக்கறது, எக்ஸ்ல ஆரம்பிக்கறது எல்லாம் நான் எப்படி சொன்னாலும் தப்பாவே இருந்துது.

தண்டவாளம் எழுதியது:

நல்ல கேள்வி. க்யூ வந்தா ச்ச, எக்ஸ் வந்தா ஷ. இந்த ரெண்டு தெரிஞ்சாலே பாதி பேர் வாய்க்கு வந்துடும். ஆங்கில சி, ஹெச் இல்லாம தனியா வந்தா த்ஸ மாதிரி. தமிழ்ல எழுதி வச்சுக்கறது நமக்கு வசதி. அப்புறம் புக்கோட கடைசி அட்டவணைல ஒரு பொறி இருக்கு, ஷான்ஷின்னு ரெண்டு மாகாணம், நிஜத்துலயும் பக்கத்து பக்கத்துல. ஒண்ணுல ஆங்கிலத்துல ஒரு ஏ, இன்னொன்னுல ரெண்டு ஏ. ஷியான் இருக்கறது ரெண்டு ஏ மாகாணம். பழைய மதில் சூழ்ந்த பிங்யாவ் இருக்கறது ஒரு ஏ மாகாணம். ஹோட்டல் போடும்போது பாத்து போடுங்க.

எழுத்து கத்துக்க பயப்படாதீங்க, நாலஞ்சு போதும். வெளிய போற வழின்னா ரெண்டு எழுத்து, முதல் எழுத்து மலை மேல மலை அடுக்கின மாதிரி, அடுத்தது வெறும் சதுரம், சதுரம்னா நம்ம பேசற வாய். உள்ள போற வழின்னா கவுத்து வச்ச வி மாதிரி ஒண்ணு, அப்புறம் அதே சதுரம். ஒண்ணு ரெண்டு மூணு ஒரு கோடு ரெண்டு கோடு மூணு கோடு. அப்பாவுக்கு ஒரு சாயந்திரம் போதும்.

கல்லெழுத்து எழுதியது:

எல்லாரும் குட்டி புக்க புகழறீங்க, எனக்கு அதுல ஒரு வருத்தம் இருக்கு, அத சொல்லியாகணும். வெட்டி எறிஞ்சது உதவின்னு தண்டவாளம் சொல்றார். வெட்டினவர் யார், அவர் ஊர் எது? அவருக்கு எது முக்கியமோ அதுதான் புக்குல நிக்கும். நமக்கு முக்கியமானது அவர் கண்ணுல படாது.

ச்சுவான்ஜோன்னு ஒரு ஊர், ஃபூஜியன் மாகாணத்துல கடலோரம். நான் பாத்த குட்டி புக் ரெண்டுலயும் அது கிடையாது. அட்டவணைல குவாங்ஜோ இருக்கும், நம்ம ஆளுங்க தமிழ்ல ரெண்டையும் ஒரே மாதிரி எழுதறதால அதான் இதுன்னு நெனச்சுடறாங்க. ரெண்டுக்கும் நடுவுல நேர் கோட்டுலயே ஐநூறு கிலோமீட்டருக்கு மேல. இந்த ச்சுவான்ஜோலதான் 1281ல சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர் மங்கோலிய பேரரசர் குப்லாய் கானோட நலத்துக்காக சிவன் கோவில் எடுத்ததா தமிழ்ல கல்வெட்டு வெட்டி வச்சாங்க, கீழ சீன எழுத்தும் இருக்கு. கோவில் இப்ப இல்ல. அதோட கல்லுங்க ஊர் பூரா சிதறிக் கிடந்து, கொஞ்சம் அங்க இருக்கற கடல் வாணிப மியூசியத்துல இருக்கு, கொஞ்சம் காய்யுவான் புத்த கோவிலோட கட்டடத்துலயே இருக்கு. பெரிய மண்டபத்துக்கு பின்பக்கம் ரெண்டு தூண், பதினாறு பட்டை, அதுல நரசிம்மர். சீனாக்கார பாட்டிங்க ஊதுபத்தி ஏத்திட்டு அத தாண்டி போறாங்க. நான் அந்த தூண தொட்டு நின்னப்ப எனக்கு பேச்சு வரல.

2021ல யுனெஸ்கோ அந்த ஊர உலக பாரம்பரிய பட்டியல்ல சேத்துது. உங்க அப்பா வரலாறு வாத்தியார். அவர 16 நாள் சீனா கூட்டிட்டு போயி இத காட்டாம திரும்பினா எனக்கு மனசு ஆறாது. பக்கத்து ஊர் ஷியாமென்ல இருந்து அதிவேக ரயில்ல அரை மணி நேரம் சொச்சம்தான்.

தண்டவாளம் எழுதியது:

கல்லெழுத்து ஐயா சொல்றது சரி. நாலு தடவை போயும் நான் அங்க போகல. நான் "மீதி கைல இருக்கட்டும்"னு விட்ட மூணு நாளுக்கு இத விட நல்ல இடம் எனக்கு தெரியாது. தம்பி, செங்துல இருந்து ஷியாமெனுக்கு பிளைட் பிடிங்க. ரயில் வேணாம், அப்பாவுக்கு ரொம்ப நீளம்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. தேதிய அக்டோபர் 11க்கு மாத்திட்டோம். விரல் கணக்க அப்பாகிட்ட சொன்னேன். ஸ்கேல எடுத்து வச்சு அளந்து பாத்துட்டு உரும்ச்சிய அவரே அழிச்சார், அப்புறம் ஹார்பின். 41 இப்ப 14 ஆகிடுச்சு. கல்லெழுத்து ஐயா எழுதினத சத்தமா படிச்சு காட்ட சொன்னார், ரெண்டு தடவை. கடைசில புக்குல வெள்ளையா இருந்த பக்கத்துல ச்சுவான்ஜோன்னு தலைப்பு போட்டு அவரே எழுத ஆரம்பிச்சிட்டார். போயிட்டு வந்து சொல்றேன்.

வைகைக்கரை எழுதியது:

போயிட்டு வந்தாச்சு. மூணு வாரம் ஆச்சு, இப்பதான் உக்கார நேரம் கெடச்சுது.

தண்டவாளம் அண்ணே, ஷியான்ல கிளம்பற அன்னிக்கு அப்பா டிக்கெட்ட வாங்கி பாத்துட்டு "பெய் இருக்கு, வடக்கு ஸ்டேஷன்"னு சொன்னார், நான் பாக்கறதுக்கு முன்னாடியே. பெய்ஜிங்ல ரெண்டாம் லைன் ரயில்ல ஒரு முழு சுத்து சுத்தினோம், இறங்கவே இல்ல. ஷியான் மதில் மேல வீட்டுக்காரம்மா சைக்கிள் எடுத்தாங்க, 13 கிலோமீட்டருக்கு மேல வருது மொத்த சுத்து, நானும் அப்பாவும் தெற்கு வாசல்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்துட்டு நிழல்ல உக்காந்தோம். சுடுமண் சிப்பாய் பொம்மைங்க (டெரகோட்டா படை) பாக்க போனப்ப 1974ல கிணறு வெட்டும்போது விவசாயிங்க கண்டுபிடிச்ச கதைய அப்பா எங்களுக்கு சொல்லிட்டு இருந்தார், பக்கத்துல இருந்த ரெண்டு பெங்காலி குடும்பமும் நின்னு கேட்டுச்சு.

புக் தப்பானது எங்கன்னு கேட்டா, டிக்கெட் விலை எல்லாமே தப்பு, அதுல சொன்ன ரெண்டு ஓட்டல் இப்ப இல்ல, செங்து மெட்ரோ மேப்புல இருக்கறத விட நிஜத்துல பல மடங்கு லைன் இருக்கு. ஒரு ஊர்ல சின்ன லாட்ஜ் ஒண்ணுல ராத்திரி பத்து மணிக்கு வெளிநாட்டு பாஸ்போர்ட்ட பதிய தெரியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அது புக்குலயும் இல்ல போன்லயும் இல்ல. முன்னாடியே போன் பண்ணி கேட்டுக்கணும். சாப்பாட்டுக்கு "வோ ச்சி சூ" நிஜமா காப்பாத்துச்சு, ஆலமரம் அக்காவுக்கு நன்றி.

ச்சுவான்ஜோ. மண்டபத்துக்கு பின்னாடி அந்த தூண தேடி அப்பா எங்களுக்கு முன்னாடியே போயிட்டார். நாங்க போறப்ப கண்ணாடிய கழட்டி துடைச்சிட்டு இருந்தார். தூண சுத்தி வந்து ஒவ்வொரு வட்டத்துக்குள்ளயும் இருக்கறது யாருன்னு சொல்லிட்டே வந்தார், நரசிம்மர், கிருஷ்ணன், இது யாருன்னு தெரியல, மறுபடியும் கிருஷ்ணன். மறுநாள் மியூசியத்துல யானை லிங்கத்த கும்பிடற கல் ஒண்ணு இருந்துது. அத பாத்துட்டு "திருவானைக்காவல்"னு மட்டும் சொன்னார். அங்கயே பெஞ்சுல உக்காந்து பென்சில எடுத்து புக்குல அந்த வெள்ளை பக்கம் ரெண்டுலயும் எழுதினார், இடம் போதாம பின் அட்டைல முடிச்சிருக்கார். எந்த வாசல் வழியா போகணும், தூணுக்கு எந்த பக்கம் வெளிச்சம் எப்ப விழுது, எல்லாம் படம் போட்டு.

யாராவது அந்த பக்கம் போறதா இருந்தா தனிமடல் போடுங்க. புக்க தரமாட்டேன்னுட்டார், ஆனா அந்த மூணு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்ப சொல்லியிருக்கார்.